மலாவி: பெண் தலைமைக் குடும்பங்களை வறுமை விடாமல் துரத்துவது ஏன்?

'வீட்டில் ஆண் இல்லை, அதனால் வறுமை.' ஆப்பிரிக்க கிராமங்களைப் பற்றி இப்படி ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனா விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை.

ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பத்துக்குத் தலைவர் பெண். இந்தக் குடும்பங்களில்தான் வறுமை வேகமாகக் குறைந்தது என்கிறது, உலக வங்கி ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. அப்படின்னா பின்தங்குவது யார்? மலாவியைப் பாருங்கள்.

எல்லா வீடும் ஒன்றா?

இல்லை. கணவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து பணம் அனுப்பும் வீடும், கணவரை இழந்து பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டியின் வீடும் ஒரே பட்டியலில்தான் வரும். முதல் வீட்டில் உரம் வாங்கவும் கூலிக்கு ஆள் வைக்கவும் காசு இருக்கும். பாட்டிக்கு எல்லாமே அவர் கைதான்.

எங்கே இடிக்கிறது?

மலாவியில் பெண்கள் நிர்வகிக்கும் நிலத்தின் உற்பத்தித்திறன், ஆண்களுடையதைவிட 28% குறைவு என 2015-ல் உலக வங்கியும் ஐ.நா. அமைப்புகளும் கணக்கிட்டன. விவசாயம் தெரியாததால் அல்ல. வயலில் இறங்க வீட்டில் ஆள் குறைவு என்பது முக்கியக் காரணம்.

'கான்யு' என்றால்?

அன்றாடக் கூலி வேலைக்கு அங்கே அதுதான் பெயர். நவம்பர் வாக்கில் மழை தொடங்கும். மக்காச்சோள அறுவடை ஏப்ரல் வாக்கில். நடுவில் குதிர் காலி. சாப்பாட்டுக்காக அடுத்தவர் வயலில் களையெடுக்கப் போகிறார். அதே வாரங்களில் சொந்த வயலில் களை மண்டுகிறது. விளைச்சல் குறைகிறது. அடுத்த ஆண்டும் கான்யுதான். கடன் ஆப்பில் வாங்கி, அடுத்த மாதச் சம்பளத்தை அதற்கே கட்டுவது போலத்தான். இங்கே அடகு போவது உழைப்பு.

தீர்வு இருக்கா?

2006-ல் ம்ச்சின்ஜி மாவட்டத்தில் ஒரு பண உதவித் திட்டம் தொடங்கியது. தலைவர் ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. மிக ஏழைக் குடும்பமா, உழைக்கும் ஆள் குறைவா என்றுதான் பார்க்கிறது. பணம் கிடைத்த குடும்பங்கள் கூலி வேலையைக் குறைத்து, விவசாயக் கருவிகளும் ஆடு, கோழிகளும் வாங்கியதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

ஆனால் இந்தப் பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு நிதி. ஜனவரியில் வர வேண்டிய தொகை ஏப்ரலில் வந்தால், அந்தப் பாட்டிக்கு அந்த ஆண்டின் களையெடுப்பு முடிந்துபோயிருக்கும், அடுத்தவர் வயலில்.