கடைசி பெஞ்சில் ஒரு நோட்டு



பள்ளி நாட்களில் ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் வகுப்புக்குப் 'புது டீச்சர்'கள் வருவார்கள். கக்கத்தில் சுருட்டிய சார்ட், கையில் லெசன் பிளான் நோட்டு, கஞ்சி மொடமொடக்கும் பருத்திச் சேலை. சாக்பீஸ் பிடித்த விரல்கள் நடுங்குவது முன்வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் அவர்களுடைய கல்லூரிப் பேராசிரியர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். டீச்சருக்கு மார்க் குறைந்துவிடக் கூடாதே என்று, பதில் தெரியாத கேள்விக்கும் கை தூக்குவோம்.

ஆசிரியர் தினத்தையொட்டிய இந்த இதழுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த நடுங்கும் விரல்கள்தாம் நினைவுக்கு வந்தன. நம் சைதாப்பேட்டை டீச்சர்ஸ் காலேஜின் வேர் 1856இல் வேப்பேரியில் தொடங்கிய அரசு நார்மல் ஸ்கூல். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857இல். பட்டம் கொடுக்கும் இடத்தைவிட, பாடம் சொல்லித்தரக் கற்பித்த இடம் ஒரு வயது மூத்தது! எல்.டி., பி.டி., பி.எட். என்று படிப்பின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. 1910 வாக்கில் இங்கே பயிற்சிக்கு வந்த ராதாகிருஷ்ணன் என்ற இளைஞர், உடன் படித்தவர்களுக்கே உளவியல் வகுப்பு எடுத்தார். அந்த உரைகள் 1912இல் நூலாயின. அவர் பெயரில் மயிலாப்பூரில் சாலை இருக்கிறது. அவர் பிறந்த நாளில் நாடே ஆசிரியர்களை வாழ்த்துகிறது.

ஆனால் ஆசிரியர் கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் முளைத்தது சைதாப்பேட்டையில் அல்ல. 2008இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் உருவானபோது, அது முதலில் இயங்கியது மெரினா எதிரே, லேடி வெலிங்டன் வளாகத்தில். அதற்கு அந்த இடம் வாய்த்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. காரணம், சகோதரி சுப்பலட்சுமி.

மயிலாப்பூரில் 1886இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே விதவையானவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற சிறுமிகளுக்காக அவர் நடத்திய இல்லம் அதே மெரினா எதிரே, ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இருந்தது. அந்தப் பெண்கள் படித்து முடித்தபின் தங்கள் காலில் நிற்க வேண்டுமே! ஆசிரியை வேலை அதற்கு வழியாயிற்று. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது, அதன் பயிற்சிப் பள்ளிக்குத் தலைமை ஏற்றவர் அவரே. கல்லூரிக்குப் பக்கத்திலேயே குழந்தைகளின் வகுப்பறை. காலையில் படித்ததை மதியம் பிள்ளைகள் முன் சொல்லிப் பார்க்கலாம்.

2008க்கு முன்னால் பி.எட். கல்லூரிகள் அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. இப்போது மாநிலம் முழுதுமுள்ள நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. பல்கலைக்கழகமும் காரப்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டது. அடையாற்றில் படிப்பவருக்கும் ராமநாதபுரத்தில் படிப்பவருக்கும் ஒரே தரம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் தேர்வைத் தூரத்திலிருந்து நடத்திவிடலாம். கடைசி பெஞ்சில் வந்து உட்காருவதற்கு ஓர் ஆள் நேரில் வந்தாக வேண்டும். பி.எட். 2015இல் இரண்டு ஆண்டாக நீண்டபோது பள்ளியில் பழகும் காலம் 20 வாரமானதை அதனால்தான் பெரிதாக வரவேற்கிறேன். அந்த வாரங்களை வெறும் வருகைப் பதிவாகக் கழித்துவிடாத கல்லூரிகளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

உங்கள் பள்ளிக்கும் புது டீச்சர்கள் வந்திருப்பார்கள். இல்லையென்றால் நீங்களே சார்ட்டும் கையுமாகப் போய் நின்றிருப்பீர்கள். அந்த முதல் நாளை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்