மேனேஜர் இல்லாத ஆபீஸ்

அணு சேர்ந்து மூலக்கூறு, மூலக்கூறு சேர்ந்து செல், செல் சேர்ந்து திசு, திசு சேர்ந்து உறுப்பு, உறுப்பெல்லாம் சேர்ந்து ஆசாமி. ஸ்கூலில் ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். கிளார்க், சூப்பரின்டெண்ட், மேனேஜர் மாதிரி ஒரு அடுக்கு.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு படியிலும் கீழ்ப்படியில் யாரிடமும் இல்லாத ஒரு சமாசாரம் புதுசாக முளைக்கிறது. தனி மூளைச் செல் ஒன்றுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. கோடிக்கணக்கில் சேர்ந்தால், பத்து வருஷத்துக்கு முன் கொடுத்த கைமாற்று ஞாபகம் வருகிறது!

ஒரு ஜீவன் இப்படிப் படியேறுவதை நேரிலேயே பார்க்கலாம். பெயர் டிக்டியோஸ்டீலியம். அமெரிக்காவின் கென்னத் ரேப்பர் மக்கிய இலைகளில் கண்டெடுத்து, 1935-ல் எழுதிவைத்தார். மண்ணில் திரியும் ஒற்றைச் செல். பாக்டீரியாதான் சாப்பாடு. அது கிடைக்கிறவரை 'நீ யாரோ, நான் யாரோ'தான்.

பசி வந்தால்தான் உறவு. பட்டினிச் செல் சைக்ளிக் ஏஎம்பி என்ற ரசாயனத்தைக் கசியவிட்டுக் கூப்பிடுகிறது. பக்கத்துச் செல் அந்தத் திசையில் நகர்ந்தபடியே தானும் கூப்பிடுகிறது. ஒரு லட்சம் வரை திரண்டு, சில மில்லிமீட்டர் நீளத்தில் ஓடில்லாத நத்தை போல ஒரே உடம்பாகி, வெளிச்சத்தைப் பார்த்து ஊர்கின்றன. மெமோ கிடையாது, மீட்டிங் கிடையாது, மேனேஜரும் கிடையாது.

அடுத்ததுதான் எனக்குத் தொண்டையை அடைக்கிற கட்டம். சுமார் ஐந்தில் ஒரு பங்கு செல்கள் விறைத்துத் தண்டாக நின்று, அப்படியே செத்துப்போகின்றன. மற்றவை அதன்மேல் ஏறி வித்தாகிப் பிழைக்கின்றன.

'நான் ஏன் சாகணும்?' என்று நழுவும் கில்லாடிகளும் உண்டு. ஒரு ஜீன் பழுதான ரகம், ஒழுங்கான செல்களோடு கலந்தால் சொகுசாக வித்தாகிவிடும். அந்த ரகத்தை மட்டும் தனியே விட்டுப் பாருங்கள். தண்டாக நிற்க ஆளில்லை, வித்து தேறுவதே அபூர்வம்!

நம் உடம்பும் இந்த ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. உத்தரவு வந்தால் செல் பெருகணும். நேரம் வந்தால் சாகணும். 'முடியாது, நான் பாட்டுக்குப் பெருகுவேன்' என்று ஒரு செல் கிளம்பினால் அதற்குப் பெயர் கேன்சர்.

உங்கள் தோலின் மேலடுக்கு முழுக்கச் செத்த செல்கள்தான். வெயிலையும் கிருமியையும் தடுத்து நிற்கிற அவர்களும் ஒருவகையில் தண்டானவர்களே. நாளைக்குக் குளிக்கும்போது சோப்பைக் கொஞ்சம் மரியாதையாகப் போடுங்க, சார்!