தலைச்சுற்றுக்கு மாத்திரை மட்டும்தானா?

கொழுந்து மலையில் ஒரு பெண் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து நிரையில் நிற்பவர் தண்ணீர் கொடுப்பார். "பித்தம்" என்பார் ஒருவர். "காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்பார் இன்னொருவர். தோட்ட மருந்து நிலையத்தில் இரண்டு நாளைக்கு மாத்திரை கிடைக்கும். நிறை குறைந்ததால் அன்றைக்கு அரைப் பேர். மூன்றாம் நாள் அதே மலை, அதே கூடை, அதே தலைச்சுற்று.

தலைச்சுற்று தனியான ஒரு நோயல்ல. பல நோய்களுக்கு அது அடையாளம். எந்த நோய் என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு கட்டில், ஒரு கதிரை, பிரஷர் பார்க்கும் கருவி, பொறுமையாகக் கேட்கும் ஓர் ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், இந்தப் பரிசோதனையைச் செய்யக்கூடியவர். கால் முறிந்தவர்களுக்கும் பாரிசவாதம் வந்தவர்களுக்கும் மட்டுமே அவர் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம்.

அவர் முதலில் கேள்வி கேட்பார். வீடே சுழல்வது போலிருக்கிறதா? எழும்பும்போது கண் இருட்டுகிறதா? தலை தெளிவாக இருந்தும் கால் நிலத்தில் பிடிக்கவில்லையா? எவ்வளவு நேரம் நீடிக்கிறது, காது கேட்கிறதா, என்ன மருந்து குடிக்கிறீர்கள்? இவை வேறு வேறு நோய்களுக்குரிய கேள்விகள். நாமோ "தலை சுத்துதுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்தப் பதிலும் சுருங்கிவிடுகிறது.

படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் எல்லாம் சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா? அது பெரும்பாலும் காதுக்குள்ளிருந்து வருவது. உட்காதில் சமநிலையைக் காக்கும் உறுப்பில் சுண்ணாம்புச் சத்தாலான மிகச் சிறிய பரல்கள் இருக்கின்றன. அவை இடம் பெயர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், தலையை அசைக்கும்போதெல்லாம் மூளைக்குப் பொய்ச் செய்தி போகும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, கண்மணி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த பரிசோதனை இது. துடித்தால், தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி வைத்துப் பரலைப் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். இந்த முறையை அமெரிக்க வைத்தியர் எப்லி 1992இல் வெளியிட்டார். பத்து நிமிட வேலைதான். ஓரிரு தடவையிலேயே பலருக்குச் சுகமாகிவிடுகிறது. மாத்திரை குமட்டலைக் குறைக்கும், பரலை நகர்த்தாது. கழுத்து வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால் வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

எழும்பும்போது கண் இருட்டினால் பிரஷரை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுமுறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். பிரஷர் மாத்திரை கூடியிருக்கலாம், இரத்தச்சோகை இருக்கலாம், உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் எத்தனை பேர்? இந்தத் தலைச்சுற்றுக்கு வைத்தியம் செய்ய வேண்டியது டாக்டரல்ல, நிர்வாகம்.

சீனி வருத்தம் நீண்ட காலம் இருப்பவர்களுக்குப் பாதம் மரத்து, மண் தெரியாமல் போகும். கண்ணை மூடி நிற்கச் சொன்னால் அது வெளிப்படும். கதிரையிலிருந்து எழுந்து மூன்று மீற்றர் நடந்து திரும்பி வந்து உட்காரும் பரிசோதனையும் உண்டு. வயதானவர்களுக்கு 12 வினாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் விழும் அபாயம் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் சமதரையில் செய்பவை. கயிற்றைத் தலையில் மாட்டி, நிறைந்த கூடையோடு ஈரமான சரிவில் கான் தாண்டுகிறோம் என்பதை நாமே சொல்ல வேண்டும்.

தலைச்சுற்றோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமிழத்தல், இரண்டிரண்டாகத் தெரிதல், பொறுக்க முடியாத திடீர்த் தலைவலி, நிற்கவே முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரைக்காகக் காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. தலைச்சுற்று என்று வருபவருக்குப் படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்க வேண்டும். இரண்டாம் தடவை வந்தால் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுத வேண்டும். சுகமாகும்வரை சரிவு மலைக்கு அனுப்பாமல், பேரை வெட்டாமல், வேறு வேலை கொடுக்க வேண்டும்.

தோழர்களும் ஒன்று செய்ய வேண்டும். தலைச்சுற்று வந்த அன்றே மருந்து நிலையத்தில் சொல்லி, திகதியோடு கொப்பியில் எழுதச் செய்யுங்கள். வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு உண்டு. ஆனால் விழுந்தவருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது என்றுதான் முதல் பதில் வரும். அவர் முன்பே முறையிட்டார், அதற்குப் பிறகும் அதே மலைக்கு அனுப்பப்பட்டார் என்று காட்ட அந்தக் கொப்பி வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் இப்படி விழுந்தவர்களின் விபரத்தைத் தோட்டக் கமிட்டித் தலைவர்களும் தலைவிகளும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.