ஒண்ணாங்கிளாஸ் கணக்கும் ஒண்ணரையணா ஐடியாக்களும்

மக்களே, ரொம்ப நாளா வயித்தெரிச்சலா இருந்த மேட்டர் இது. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

"ஒண்ணாங்கிளாஸ் கணக்குல என்னய்யா இருக்கு? நூறு வரைக்கும் எழுதத் தெரியணும், கூட்டத் தெரியணும். ஒரு ஆப் இறக்கிக் குடுத்தா முடிஞ்சது." சொன்னவர் என் பக்கத்து சீட்டுக்காரர். நம்மளை மாதிரியே பொட்டி தட்டுறவர். அவர்கிட்ட 29-ஐ ஹெக்ஸாவுல சொல்லுங்கன்னு கேட்டேன். மனுசன் அரை நிமிசம் மோட்டுவளையைப் பாத்தாரு. விரல் கூட லேசா அசைஞ்சுது :-)

அதாவது, பழகாத ஒரு எண்முறைன்னா இஞ்சினியரிங் முடிச்சவருக்கே மூச்சு வாங்குது. ஆறு வயசுப் புள்ளைக்குப் பத்தடிமான முறையே அப்படித்தாங்க. "பத்து ஒண்ணு சேந்தா ஒரு பத்து, அதைப் பக்கத்துல தள்ளி எழுதணும்"ங்கிறது மனுசக்கூட்டம் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான வருசம் எடுத்துக்கிட்ட சமாச்சாரம். அதை ஜூன்ல ஆரம்பிச்சு தீபாவளிக்குள்ள முடிக்கணும்னு நிக்கிறோம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்க பெரியம்மா பொண்ணு வாக்கப்பட்டது தோணிரேவுல. பழவேற்காடு ஏரிக்கரை. அக்கா மக இப்ப ஒண்ணாவது. ஏரியை மட்டும் நம்பி இனிமே பொழைக்க முடியாதுன்னு அக்கா மாசாமாசம் காசு கட்டி ஒரு டியூஷனுக்கு அனுப்புது. அங்க என்ன நடக்குது? ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் அஞ்சு தடவை இம்போசிஷன். எல்லாம் இங்கிலீசுல. விரல் விட்டு எண்ணினா ஸ்கேல்ல ஒரு அடி. "இதுக்குக் கணக்கு வராதும்மா"ன்னு தீர்ப்பு வேற. ஆறு வயசுல!

இந்தத் தீர்ப்பு லேசுப்பட்டதில்லை. இன்னிக்கு "கணக்கு வராது". நாலு வருசம் கழிச்சு "படிப்பு ஏறலை". அதுக்கப்புறம் வீட்டு வேலை, ஓலை முடையிறது, சீக்கிரமா ஒரு கல்யாணம். புள்ளை ஸ்கூலை விட்டு நிக்கிற அன்னிக்கு இந்த டியூஷனை யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க.

மொதல்ல இந்த இங்கிலீசு மேட்டர். "செவன்டீன்" எழுதுன்னா புள்ளை 71-ன்னு எழுதுது. ஏன் எழுதாது? காதுல மொதல்ல விழுறது செவன் தானே! தமிழ்ல பதினேழு. பத்து முன்னாடி, ஏழு பின்னாடி. எழுதுறதும் அதே வரிசை. இலெவன், ட்வெல்வ்ங்கிறதுல பத்து எங்க ஒளிஞ்சிருக்குன்னு எந்தக் குழந்தைக்குத் தெரியும்? பதினொண்ணுல பளிச்சுன்னு இருக்கு. நம்ம பாஷை இனாமாக் குடுக்குற வசதியைப் புடுங்கிட்டு, அதுக்குக் காசும் வாங்குறாங்க. இங்கிலீசு வேண்டாம்னு சொல்லலை. கணக்கு புரிஞ்சப்புறம் கத்துக்கட்டும்.

ஆனா தமிழ்னா எல்லாம் தானா வந்துடும்னு ஜல்லியடிக்கவும் நான் தயாரில்லை. இருபத்தஞ்சுன்னா இருபதை எழுதி, பக்கத்துல அஞ்சை ஒட்டி 205-ன்னு போடுற புள்ளைங்க ஏராளம். எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. அதுக்குள்ள ஒரு "நூறு" உக்காந்திருக்கு. குழம்பத்தான் செய்யும்.

அடுத்த கோஷ்டி இன்னும் டேஞ்சர். "மீன்காரப் புள்ளைக்கு எதுக்குப்பா சொல்லித் தரணும், கணக்கு ரத்தத்துலயே இருக்கு"ன்னு உருகுற கோஷ்டி. பாதி நிசம்தான். எங்க வாண்டு இறாலைக் கூறு போடுறப்ப சமமாப் போடுது. ரெண்டு பத்து ரூபா, ஒரு அஞ்சு ரூபா குடுத்தா இருபத்தஞ்சுன்னு டக்குனு சொல்லுது. கிலோவுக்கு எத்தனை இறால் நிக்குதுன்னு வியாபாரி கவுண்ட் பாக்குற இடத்துல வளர்ற புள்ளை. ஓலைப் பொட்டி முடையிற பொம்பளைங்க எத்தனை ஓலைக்கு மேல, எத்தனைக்குக் கீழன்னு எண்ணி எண்ணித்தான் டிசைன் கொண்டு வர்றாங்க.

ஆனா அது தானா நோட்டுக்கு வந்து சேராது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ (2019-ல நோபல் வாங்கின அதே ஜோடி) குழுவோட டெல்லி, கொல்கத்தா சந்தைகள்ல வேலை பாக்குற 1,436 பசங்களைப் பாத்த ஆய்வு, 2025 பிப்ரவரியில நேச்சர் இதழ்ல வந்துது. கடையில சிக்கலான பேரத்தையெல்லாம் மனக்கணக்காப் போடுற பசங்க, அதைவிட சுலபமானதைப் பேப்பர்ல குடுத்தா திணர்றாங்க. ஸ்கூல் பசங்க அப்படியே உல்ட்டா. பேப்பர்ல போடுறாங்க, சந்தைக் கணக்குல முழிக்கிறாங்க. ஆக, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாலம் வேணும். அதை ஒரு பெரியவங்கதான் கட்டணும். புள்ளை கட்டாது.

அந்தப் பாலம் என்னன்னு அரசாங்கத்துக்குத் தெரியாமலும் இல்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்துலதான் 2022 ஜூன்ல "எண்ணும் எழுத்தும்" ஆரம்பிச்சு வச்சாங்க. அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளை நிக்கிற இடத்துலேருந்து தொடங்குற திட்டம். 2025-க்குள்ள எட்டு வயசுக்குட்பட்ட எல்லாருக்கும் அடிப்படை எண்ணறிவுன்னு இலக்கு வச்சாங்க. யோசனை சரிதான். ஆனா பகல்ல ஸ்கூல்ல குச்சியும் மணியும் வச்சு எண்ணிட்டு வர்ற புள்ளையை, சாயங்காலம் டியூஷன்ல விரலை மடக்காதேன்னு அடிச்சா என்ன மிஞ்சும்?

விரல் விட்டு எண்றது தப்பில்லைங்க. நம்ம பாட்டிங்க கட்டைவிரலால கணுக்கணுவாத் தொட்டு மளிகைக் கணக்கையே முடிச்சவங்க. மனசுல படிஞ்சதும் விரல் தானா நின்னுடும்.

என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. கடைசியா அங்க போனப்ப நான் பண்ணினது இதுதான். தென்னை ஈர்க்குச்சியை ஒரே அளவா ஒடிச்சு, பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொன்னேன். ரெண்டு கட்டு, அஞ்சு உதிரி. "எவ்ளோடி?" "இருபத்தஞ்சு மாமா." அப்புறம் பழைய தினசரி காலண்டர் அட்டையை வெட்டி, 20-க்கு நீளமா ஒரு சீட்டு, 5-க்குப் பாதி அகலத்துல ஒரு சீட்டு. அஞ்சை எடுத்து இருபதோட சைபர் மேல வைக்கச் சொன்னேன். 25. தூக்கிப் பாத்தா சைபர் அடியில பத்திரமா இருக்கு. "சைபர் ஒளிஞ்சிருக்கு மாமா!"ன்னு ஒரு கத்து. அன்னிக்கு சாயங்காலம் 205 வரலை. மறுநாள் ஒரு தடவை வந்துது, சீட்டை எடுத்து அதுவே திருத்திக்கிச்சு.

அக்காகிட்ட டியூஷனை நிறுத்துன்னு சொல்லியிருக்கேன். "பக்கத்து வீட்டுப் புள்ளையெல்லாம் போவுதேடா"ங்குது. பஞ்சாயத்து ஓடிக்கிட்டிருக்கு.

டிஸ்கி: நல்ல ஆப் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆனா ரெண்டு கட்டு ஈர்க்குச்சியைவிட அது எதுல உசத்தின்னும் சேத்து எழுதிடுங்க ;-)