பள்ளிவாசல் அக்காக்கள்!

ஒரு குண்டுவெடிப்பு நடந்தா அரசாங்கம் என்ன செய்யும்? ரெய்டு, கைது, புதுச் சட்டம். சரி, அதுக்கப்புறம்? இந்தக் கேள்விக்கு மொராக்கோ கொஞ்சம் வித்தியாசமா பதில் தேடியது ஃப்ரெண்ட்ஸ்!

2003 மே 16, வெள்ளிக்கிழமை இரவு. காசாபிளாங்கா நகரில் ஹோட்டல், ரெஸ்டாரன்ட், யூதர்களின் சமூகக் கூடம்னு அடுத்தடுத்து தற்கொலைத் தாக்குதல்கள். 33 பேர் பலி. உடம்பில் குண்டோடு வந்தவர்களில் 12 பேரும் செத்தார்கள். 'யார் இவனுங்க?'னு தேடிய போலீஸுக்கு ஷாக். எல்லோரும் உள்ளூர்ப் பசங்க! நகரத்தின் ஓரத்தில் இருந்த சிதி மூமென் குடிசைப் பகுதியில் வளர்ந்தவங்க. பெரும்பாலானவங்க இருபதுகளின் தொடக்கத்தில். அதாவது, நம்ம ஃபைனல் இயர் வயசு!

முதல் ரியாக்‌ஷன் வழக்கமானதுதான். அதே மாதத்தில் கடுமையான சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் கைது. 'விசாரணையில் சித்ரவதை நடக்குது'னு மனித உரிமை அமைப்புகள் கொதித்தன.

ஆனா அரசு அதோடு நிற்கலை. மன்னர் ஆறாம் முகமதுதான் அந்த நாட்டில் மதத்துக்கும் தலைவர். 'நாம சொல்லித் தராத மார்க்கத்தை, சந்து பொந்தில் எவனோ சொல்லித் தர்றான்'னு புரிஞ்சுக்கிட்டாங்க. 2006-ல் 50 பெண்கள் பயிற்சி முடிச்சு வெளியே வந்தாங்க. பேரு, முர்ஷிதா. வழிகாட்டும் பெண்கள்னு அர்த்தம். சேரணும்னா டிகிரி வேணும். குர்ஆனில் பாதியாவது மனப்பாடமா தெரியணும். மார்க்கத்தோடு உளவியல், சட்டம், வரலாறும் படிக்கணும். தொழுகையை முன்னின்று நடத்த மாட்டாங்க. ஆனா பள்ளிவாசல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஜெயில்னு போய் உட்கார்ந்து பேசுவாங்க. சந்தேகம் கேட்கலாம், வீட்டுப் பிரச்னையையும் கொட்டலாம்.

2015-ல் தலைநகர் ரபாத்தில் இமாம்களுக்கே ஒரு பயிற்சிக் கல்லூரி திறந்தாங்க. மாலி, கினி போன்ற நாடுகளிலிருந்தும் அங்கே வந்து படிச்சாங்க. 2017-ல் சிறைக்குள் 'முஸாலஹா' தொடங்கியது. சமரசம்னு அர்த்தம். தன்னோடும், மார்க்க நூல்களோடும், சமூகத்தோடும் சமரசம். விருப்பப்பட்ட கைதிகள் சேரலாம்.

எல்லாம் ஓகே, வேலைக்கு ஆச்சா?

முழுசா இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொராக்கோ இளைஞர்கள் சிரியா போருக்குப் போனாங்க. 2018 டிசம்பரில் அட்லஸ் மலைக்கு டிரெக்கிங் வந்த டென்மார்க், நார்வே மாணவிகள் இருவர் கொல்லப்பட்டாங்க. கொலைகாரர்களின் தலைவன், ஏற்கெனவே சிரியா போக முயன்று ஜெயிலுக்குப் போனவன். அவன் வெளியே வந்தது முஸாலஹா தொடங்குறதுக்கு முன்னாடி. பூட்டி வெச்சா மட்டும் மனசு மாறாதுங்கிறதுக்கு வேற சாட்சி வேணுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. எது சரியான மார்க்கம்னு அரசே முடிவு பண்ணினா, அரசை விமர்சிக்கிறவனையும் 'தீவிரவாதி' லிஸ்ட்டில் சேர்த்துடலாமே? சம்பளம் வாங்கிட்டுப் பேசுற இமாமை, வேலையில்லாத பையன் நம்புவானா?

அதனாலதான் எனக்கு சிதி மூமெனில் நடந்த ஒரு விஷயம் ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்தப் பசங்களின் கதையை மஹி பினபின் நாவலா எழுதினார். நபில் அயூஷ் 2012-ல் படமா எடுத்தார். கைதட்டல் வாங்கிட்டுக் கிளம்பிடலை. 2014-ல் ரெண்டு பேரும் அதே ஏரியாவில் ஒரு கலாசார மையம் தொடங்கினாங்க. டான்ஸ், மியூசிக், மொழி வகுப்புகள்னு அந்த ஏரியாப் பசங்களுக்கு ஒரு இடம்.

சட்டம் தேவைதான், மார்க்கம் தெரிஞ்சவங்களும் தேவைதான். ஆனா சாயங்காலம் போக ஒரு இடமும், காது கொடுத்துக் கேட்க ஒரு ஆளும் இல்லாத பையனை, யார் முதல்ல 'வாடா தம்பி'னு கூப்பிடுறாங்களோ அவங்க பின்னாடிதான் அவன் போவான். அந்த முதல் குரல் யாரோடதா இருக்கணும்? யோசிங்க பாஸ்... அடுத்த வாரம் பேசலாம்!