மாறுவது ஆட்சி, மாறாதது கொள்கை

ராஜஸ்தானில் 1998 முதல் நடந்த ஆறு சட்டமன்றத் தேர்தல்களிலும் ஆளுங்கட்சி தோற்றிருக்கிறது. 1998இல் காங்கிரஸ், 2003இல் பாஜக, 2008இல் காங்கிரஸ், 2013இல் பாஜக, 2018இல் காங்கிரஸ், 2023இல் மீண்டும் பாஜக. இதற்கு அங்கு ‘ரிவாஜ்’, அதாவது வழக்கம் என்றே பெயர். வாக்காளர்கள் விழிப்புடன் இருப்பதற்கு இது சான்று என்று முதலாளித்துவ ஏடுகள் புகழ்கின்றன. ஆனால், தண்டிக்க மட்டுமே முடிந்து, தேர்ந்தெடுக்க வழியில்லாத மக்களின் கோபம்தான் ஐந்தாண்டுக்கு ஒரு முறை இப்படி வெளிப்படுகிறது.

அந்தக் கோபத்திற்குக் கிடைத்த பலன் என்ன? 2004 ஜனவரி முதல் பணியில் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களின் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத்தைப் பறித்தது வாஜ்பாய் அரசு. அந்தப் புதிய திட்டத்திற்கு 2013இல் சட்ட வடிவம் கொடுத்தது மன்மோகன் சிங் அரசு. அந்த மசோதாவை பாஜக ஆதரித்தது. இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தனர். 2022இல் ராஜஸ்தான் காங்கிரஸ் அரசு பழைய ஓய்வூதியத்தை மீண்டும் அறிவித்தது. ஊழியர்களின் தொடர் போராட்டத்தால் வந்த நல்ல முடிவு அது. ஆனால் ஊழியர்களிடம் பிடித்தம் செய்து சேர்த்த நிதியைத் திருப்பித் தர முடியாது என்று மோடி அரசு கைவிரித்தபோது, அது சுட்டிக்காட்டியது அதே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.

விவசாயிகளின் அனுபவமும் இதுவே. 2017 செப்டம்பரில் சிகார் மாவட்டத்தில் அகில இந்திய விவசாயிகள் சங்கம் 13 நாட்கள் நடத்திய போராட்டத்தில் வணிகர்கள், வாகன ஓட்டுநர்கள், மாணவர்கள், பெண்கள் என மாவட்டமே திரண்டது. 50 ஆயிரம் ரூபாய் வரையிலான கடன் தள்ளுபடிக்கு பாஜக அரசு இணங்க நேர்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்த எழுச்சியின் அறுவடை பெருமளவு காங்கிரசுக்கே போயிற்று. ஆட்சிக்கு வந்த காங்கிரசின் தள்ளுபடியோ கூட்டுறவுக் கடன்களோடு நின்றுவிட்டது. 2018இல் வென்ற இரண்டு தொகுதிகளையும் மார்க்சிஸ்ட் கட்சி 2023இல் இழந்தது.

உழைத்தவர்கள் ஒருவர், அறுத்தவர்கள் வேறொருவர் என்ற ஆதங்கம் தோழர்களுக்கு எழுவது இயல்பு. அதற்குத் தேர்தல் முறையும் ஒரு காரணம். 2023இல் பாஜக பெற்ற வாக்கு ஏறத்தாழ 41.7 விழுக்காடு, காங்கிரஸ் பெற்றது 39.5 விழுக்காடு. தேர்தல் நடந்த 199 தொகுதிகளில் பாஜகவுக்கு 115, காங்கிரசுக்கு 69. இரு கட்சிகளுக்கும் வாக்களிக்காதோர் ஏறத்தாழ 19 விழுக்காடு. அவர்களுக்குக் கிடைத்ததோ 15 தொகுதிகள் மட்டுமே. ‘வாக்கை வீணாக்காதே’ என்ற பிரச்சாரம் இந்த முறையின் மீதுதான் காலூன்றி நிற்கிறது.

இன்னொரு காரணம் பணம். உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் பாஜக அள்ளியது 6 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். காங்கிரசும் ஆயிரம் கோடிக்கு மேல் பெற்றது. இடதுசாரிக் கட்சிகள் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

எனினும், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி ஒதுங்குவது தவறு. ஆர்எஸ்எஸ் வழிநடத்தும் கட்சி குடியுரிமையையும், மதச்சார்பின்மையையும், கூட்டாட்சியையும் தகர்க்க முனைகிறது. அந்த ஆபத்து வேறு வகையானது. அதனால்தான் 2024 மக்களவைத் தேர்தலில் இடதுசாரிகள் ‘இந்தியா’ அணியில் நின்றனர். சிகார் தொகுதியில் தோழர் அம்ரா ராம் வென்றார். கூட்டணியின் பலம் அதில் உண்டு. 2017ஆம் ஆண்டுக் களத்தில் விவசாயிகளிடம் பெற்ற நம்பிக்கையும் உண்டு. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்திருந்தால், அந்தத் தொகுதியைக் கேட்டுப் பெற்றிருக்கவே முடியாது.

எனவே கடமைகள் இரண்டு. முதலாவது, விகிதாச்சாரப் பிரதிநிதித்துவக் கோரிக்கையை மக்களிடம் எடுத்துச் செல்வது. மக்களவை இடங்களை 25 விழுக்காடு கூட்டி, கூடுதல் இடங்களைக் கட்சிப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று சட்ட ஆணையமே 1999இல் பரிந்துரைத்தது. அண்டை நாடான நேபாளத்தில் 275 பேர் கொண்ட அவையில் 110 பேர் விகிதாச்சார முறையில் தேர்வாகின்றனர். இங்கோ, மாறி மாறி ஆண்ட எவரும் அந்தப் பரிந்துரையைத் தொடவில்லை. லாபம் தரும் ஏற்பாட்டை யார்தான் கலைப்பார்கள்?

இரண்டாவது கடமை இன்னும் அடிப்படையானது. போராட்டத்தில் நம்மோடு நின்ற விவசாயி, வாக்குச்சாவடியில் ஏன் வேறு சின்னத்தைத் தேடுகிறார் என்பதைக் கிளைகள் நேர்மையாக ஆராய வேண்டும். கோரிக்கை வென்றதும் கலைந்துபோகும் திரட்டல், அடுத்த ஐந்தாண்டுக்கு இன்னொருவரின் மூலதனமாகிவிடுகிறது. கோரிக்கையோடு கொள்கையையும், போராட்டத்தோடு அமைப்பையும் அந்தக் கிராமங்களில் நிலைநிறுத்தும்போதுதான் மூன்றாவது வழி மக்கள் கண்ணுக்குத் தெரியும். வழக்கம் என்பது விதியல்ல. மக்கள் திரண்டால் அதுவும் மாறும்.