சேர்மன் வந்தார், கணக்கு வரவில்லை

கல்லூரிகளில் மாணவர் தேர்தல் வேண்டுமா, வேண்டாமா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணிக்கும் ஆள் கிடைப்பார்கள். தேர்தல் வந்தால் சாதி வரும், கட்சி வரும், கத்தி வரும் என்பார் ஒருவர். தேர்தல் இல்லாவிட்டால் நாளைய தலைவர்கள் எங்கிருந்து முளைப்பார்கள் என்பார் இன்னொருவர். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தென்மாவட்டத்து அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. யார் ஜெயித்தார் என்று கேட்பதற்கு முன்னால், காசோலையில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று கேட்போம்.

மாணவர் பேரவையைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டால், எனக்குத் தெரிந்த கல்லூரிகளில் எல்லாம் ஒரே பதில்தான்: முதல்வர். மாணவர் தலைவரை, அதாவது பிள்ளைகள் ‘சேர்மன்’ என்று கூப்பிடுகிறவரை, துறைத் தலைவர்கள் கூடிப் பேசி நியமிப்பார்கள். நல்ல மதிப்பெண், நல்ல வருகைப்பதிவு, எதிர்த்துப் பேசாத வாய். பேரவைத் தொடக்க விழாவில் அவர் பதவிப் பிரமாணம் எடுப்பார். கடைசியில் நன்றியுரை சொல்வார். அந்த விழாவுக்கு என்ன செலவு, யார் முடிவு செய்தது, மீதி எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கே தெரியாது. ஆனால் பணம் பிள்ளைகளுடையது. பேரவைக்கென்று கட்டண ரசீதில் ஒரு வரி இருக்கும். தொகை சின்னதுதான், யாரும் நின்று படிப்பதில்லை. ஆளுக்கு 50 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்; 3,000 பேர் படிக்கும் கல்லூரியில் ஒன்றரை லட்சம் ரூபாய். இது வணிகவியல் முதலாண்டுக் கணக்குகூட இல்லை.

இந்த விஷயத்தில் நாடு முழுவதற்கும் ஒரு வழிகாட்டி இருக்கத்தான் செய்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. கேரளப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் அந்தப் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொன்னது. படித்துப் பார்த்தால், அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து எழுதியது என்று தெரியும். கல்வியாண்டு தொடங்கிய ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தல்; மனுத் தாக்கலிலிருந்து முடிவு வரை பத்தே நாள்; வேட்பாளருக்கு 75 சதவீத வருகை வேண்டும்; இளங்கலை மாணவருக்கு 22 வயது வரம்பு; செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது; அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம். ஒலிபெருக்கி, வாகனம், விலங்கு எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. விலங்கு என்று எழுத வைத்த வேட்பாளர் எந்த ஊரில் எதன்மேல் ஏறி வந்தாரோ!

எல்லாம் சரி. ஆனால் அறிக்கையின் கண் பெரும்பாலும் அந்தப் பத்து நாள் மீதுதான். வேட்பாளர் தன் தேர்தல் செலவுக்கு இரண்டு வாரத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறது. ஜெயித்த பிறகு வருஷம் முழுக்கப் பேரவைப் பணத்துக்கு உறுப்பினர்களிடம் கணக்குச் சொல்வதைப் பற்றி அந்த அளவுக்குக் கண்டிப்பு இல்லை. திருமணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைத் திருத்தித் திருத்திப் போட்டுவிட்டு, குடித்தனத்தை அம்போ என்று விட்டதுபோல.

தேர்தல் விதியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே ஆண்டுதோறும் தேர்தல் உண்டு, லிங்டோ விதிகளும் உண்டு. 2024 செப்டம்பர் 27 அன்று வாக்குப்பதிவு நடந்தது. ஆனால் ஊர்ச் சுவரெல்லாம் சுவரொட்டியும் சாயமுமாக ஆக்கிவைத்ததைச் சுத்தம் செய்யும்வரை வாக்கை எண்ணக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிவு வெளிவர நவம்பர் 25 ஆயிற்று. 5,000 ரூபாயில் அவ்வளவு சாயம் எந்தக் கடையில் கிடைத்தது என்று விசாரித்தால் என் வீட்டுச் சுவருக்கும் வாங்கிக்கொள்ளலாம்.

அதே டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. அதன் மாணவர் சங்கத்துக்கு மாணவர்களே எழுதிய விதிநூல் உண்டு. தேர்தலை நடத்துவதும் மாணவர்கள்தான்; ஒவ்வொரு புலத்திலும் பொதுக்குழு கூடித் தேர்தல் குழுவுக்கு ஆள் அனுப்பும், தலைமைத் தேர்தல் அதிகாரியும் ஒரு மாணவரே. லிங்டோ விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலுக்குத் தடை போட்டது. 2012 மார்ச்சில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. அந்தப் பல்கலைக்கழகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1977-இல் எடுத்த அந்தப் புகைப்படம்: மாணவர் சங்கத் தலைவர் சீதாராம் யெச்சூரி கோரிக்கை வாசிக்கிறார், பிரதமர் பதவியை இழந்தும் பல்கலைக்கழக வேந்தராகத் தொடர்ந்த இந்திரா காந்தி பக்கத்தில் நின்று கேட்கிறார். பிறகு அவர் வேந்தர் பதவியிலிருந்து விலகினார். வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அந்தச் சங்கத்தின் பலம் பொதுக்குழுவில் இருக்கிறது. பெரிய முடிவு என்றால் தலைவர் உறுப்பினர்கள் முன்னால் வந்து நின்றாக வேண்டும். கேள்வி கேட்பார்கள், கை தூக்குவார்கள், தோற்கடிக்கவும் செய்வார்கள். வேட்பாளர்கள் இரவெல்லாம் மேடையில் மோதிக்கொள்ளும் தலைவர் விவாதம் தொலைக்காட்சிக்கு நல்ல தீனி. பொதுக்குழுவைப் படம்பிடிக்க யாரும் வருவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. 1965-இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியை நடத்தியவர்களில் பலர் கல்லூரி மாணவர் தலைவர்கள். அந்தக் கிளர்ச்சியில் உருவான பெ. சீனிவாசன்தான் 1967-இல் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கில் தோற்கடித்தார். அதன் பிறகு எந்தக் கட்சி ஆண்டாலும் மாணவர் பேரவை என்றால் ஒரு பயம். மாணவர் பலத்தால் வந்தவர்களுக்குத்தானே அந்தப் பலம் எவ்வளவு என்று தெரியும்!

பயந்து தேர்தலை நிறுத்தியதால் தலைவர்கள் இல்லாமல் போய்விட்டார்களா? சென்னைக்காரர்களுக்கு ‘ரூட்டு தல’ யார் என்று தெரியும். பேருந்துத் தடத்துக்கு ஒருவர். வாக்குச்சீட்டு இல்லை, பதவிக்காலம் இல்லை, விதிநூல் இல்லை, ஆனால் அதிகாரம் உண்டு. பேருந்தை மறித்துக் கொண்டாடும் ‘பஸ் டே’க்கு வசூல் உண்டு, வசூலுக்கு ரசீது கிடையாது. அந்தக் கொண்டாட்டத்துக்குத் தடை விதித்த பிறகும் 2019 ஜூனில் சென்னையில் பேருந்துக் கூரைமேல் ஏறி நின்ற மாணவர்கள், ஓட்டுநர் பிரேக் போட்டதும் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியை எல்லாரும் பார்த்தோம். தேர்தல் வந்தால் கத்தி வரும் என்கிறவர்கள், தேர்தல் இல்லாத கல்லூரி வாசலில் போலீசார் புத்தகப் பையைச் சோதித்தது எதற்காக என்று சொல்ல வேண்டும். முறையான அமைப்பை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடப்பதில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கம் மூடப்பட்டால் கந்துவட்டிக்காரர் வந்து உட்காரவில்லையா?

“ஐஐடி மாதிரி இடத்துக்கு வேண்டுமானால் இதெல்லாம் சரி மேடம்” என்பார் என்னோடு வேலை பார்த்த நண்பர். உண்மைதான், சென்னை ஐஐடியில் மாணவர்களுக்கென்று ஒரு சட்டமன்றம், அதற்கொரு சபாநாயகர், விதிகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் எல்லாம் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பக்குவம் வராது என்பது அவர் கட்சி. எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஏனென்றால் இந்தப் ‘பக்குவமில்லாத’ பிள்ளைகளின் அம்மாக்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று மாநிலமெங்கும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள், ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர், வாராவாரம் கூட்டம். சேமிப்பு எவ்வளவு, கடன் யாருக்கு என்பது எல்லார் முன்னாலும் முடிவாகும். தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். வங்கியில் கூட்டுக் கையெழுத்து. எட்டாம் வகுப்பைத் தாண்டாத அம்மா தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், பி.காம். மூன்றாமாண்டு படிக்கும் மகனுக்கு ரொக்கப் புத்தகத்தைக் காட்டவே நாம் யோசிக்கிறோம். பாடத்திட்டத்தில் தணிக்கை என்று ஒரு தாள் வேறு வைத்திருக்கிறோம்.

பதினெட்டு வயதானால் அந்த மகன் கிராம சபை உறுப்பினர். குடியரசு நாள், மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில் எழுந்து, ஊராட்சித் தலைவரிடம் தெருவிளக்குக் கணக்கைக் கேட்கச் சட்டம் அவனுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. மறுநாள் கல்லூரிக்கு வந்து பேரவைக் கணக்கைக் கேட்டால் ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்கிறோம்.

ஓர் ஆண்டு பேரவைப் பொறுப்பாசிரியராக என்னைப் போட்டார்கள். மாதா மாதம் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, பொருளாளர் மாணவியிடம் கையெழுத்து வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். முதல் மாதம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது மாதம் சிற்றுண்டிச் செலவைப் பார்த்து யாரோ பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அதற்கடுத்து, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி நேராக அறைக்கே வந்துவிட்டாள். “மேடம், சீஃப் கெஸ்ட்டுக்குக் கொடுத்த ஷீல்டு, பொன்னாடை செலவு, கேர்ள்ஸ் கபடி டீமுக்கு வருஷம் பூரா ஆன செலவைவிட அதிகமா இருக்கே?” பக்கத்தில் நின்ற சேர்மன் பையனுக்கு முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த விழாவில் அவனாகவே ஷீல்டை நிறுத்திப் புத்தகம் கொடுத்தான். மீந்த பணத்தில் கபடிக் குழுவுக்குச் சீருடை வந்தது. அதுவரை ‘லேடி ரெப்’ என்றால் விழாவில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை. அந்த ஆண்டு முதல்முறையாகப் பெண் பிள்ளைகள் பேரவைக் கூட்டத்துக்கு வேலையாக வந்தார்கள்.

அடுத்த கல்வியாண்டில் நிர்வாகம் அந்தத் தாளை நிறுத்தச் சொன்னது. “எதுக்கு மேடம் வேண்டாத வேலை? இன்னைக்கு இதைக் கேப்பான், நாளைக்கு லைப்ரரி கணக்கைக் கேப்பான், அப்புறம் ஹாஸ்டல் மெஸ் கணக்கைக் கேப்பான்.” கேட்கட்டுமே சார் என்றேன். பொறுப்பாசிரியர் மாற்றப்பட்டார்.

பிரிட்டனில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1994-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. மாணவர் சங்கங்களுக்குக் கடிவாளம் போடும் நோக்கத்தோடு பழமைவாதக் கட்சி அரசு கொண்டுவந்ததுதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் வாசகங்கள் உருப்படியானவை. எழுத்தில் விதிநூல் இருக்க வேண்டும், அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி பார்க்க வேண்டும். முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு. சம்பளப் பதவியில் மொத்தம் இரண்டு ஆண்டுக்குமேல் யாரும் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆண்டுக் கணக்கை வெளியிட வேண்டும், எந்த மாணவரும் பார்க்கலாம். வெளி அமைப்புகளுக்குக் கொடுத்த நன்கொடையின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். சங்கத்தில் சேர விருப்பமில்லை என்றால் சேராமலும் இருக்கலாம். இதில் எந்த வரிக்குப் பணம் செலவாகும், எந்த வரியால் கலவரம் வரும், சொல்லுங்கள்.

தேர்தல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடக்க வேண்டும், ரகசிய வாக்கில் நடக்க வேண்டும். ஆனால் இரண்டில் ஒன்றுதான் தருவோம் என்று அரசு சொன்னால், கணக்கை வாங்கிக்கொண்டு தேர்தலுக்குக் காத்திருப்பேன். கணக்கில்லாத இடத்தில் நடக்கும் தேர்தல், முதல்வர் பிடித்த கரண்டியைச் சேர்மன் கையில் மாற்றுவதோடு முடிந்துவிடும். நாலு கேள்வி கேட்டுப் பழகிய பொதுக்குழு ஒன்று இருந்துவிட்டால், நியமனத் தலைவரை ஒரு வருஷத்துக்குமேல் அது தாங்காது.

உயர்கல்வித் துறை இதற்குப் புதுச் சட்டமெல்லாம் போட வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். பேரவைக் கட்டணம் வாங்கும் ஒவ்வொரு கல்லூரியும் தமிழில் இரண்டு பக்க விதிநூல் எழுதி மாணவர் பொதுக்குழுவில் நிறைவேற்றட்டும். பருவத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூடட்டும். பேரவைக் கணக்கைத் தனி வங்கிக் கணக்காக்கி, பொறுப்பாசிரியரோடு மாணவப் பொருளாளரும் கையெழுத்திடட்டும். மாதக் கணக்குப் பலகையில் ஏறட்டும். தணிக்கை செய்ய வெளியாள் தேட வேண்டாம், வணிகவியல் துறையின் மூன்றாமாண்டு வகுப்பிடம் விட்டுவிடலாம். வரும் ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்து பணம் கட்டுவதற்கு முன்பே அமைச்சர் இந்த ஆணையைப் பிறப்பிக்க வேண்டும்.